ஆட்டுப் புழுக்கைக்கு ஒரு கணக்குப்பிள்ளை

வாரும் முதலாளி, வாரும். ஆட்டுக்கு மருந்து ஊத்திட்டு வாரீராக்கும்? சட்டை பூரா வெள்ளை வெள்ளையாத் தெறிச்சிருக்கே, அதுல கேக்கேன். ஆடு குடிச்சது பாதி, நீரு குடிச்சது பாதி இருக்கும். போகட்டும், உமக்கும் குடல் சுத்தமாகட்டும்.

சரி, மரியாதை போதும். இங்கன திண்ணையில உக்காரு மருமவனே. மழை விழுந்ததும் ஒருவாட்டி ஊத்துன. தீவாளிக்கு முன்ன ஊத்துன. இப்ப கார்த்திகைக்கும் ஊத்திட்ட. நம்மூரு அய்யனாருக்குக்கூட இப்படி நாள் தவறாம யாரும் அபிஷேகம் பண்ணுனது இல்லை. ஏன்லே ஊத்துதன்னு கேட்டா, "எல்லாரும் ஊத்துதாக மாமா"ங்க. எந்த ஆட்டு வயித்துல பூச்சி இருக்குன்னு கேட்டா, மருந்து பேரைச் சொல்லுத. நான் கேட்டது ஆட்டை. நீ காட்டுறது பாட்டிலை.

மருந்துக்கடைக்காரரு உன்னைக் கண்டா எந்திரிச்சு நிக்காராமே? நிக்கத்தான செய்வாரு. அவரு மாடி கட்டுதாரு, படியில நாலு படி உன் காசு. அவரைக் குத்தம் சொல்லல. கேக்குறவனுக்குக் குடுக்கிறது யாவாரம். கேக்குறவனுக்குத்தான் எதுக்குக் கேக்கோம்னு தெரியணும்.

உன் எதிரி யாருன்னு முதல்ல தெரிஞ்சுக்கோ. ஆட்டுக்கு வயிறு நாலு அறை. நாலாவது அறையில வாடகை குடுக்காமக் குடியிருக்கிறவன் ஒருத்தன் இருக்கான். ஹீமாங்கஸ்னு டாக்டரம்மா சொல்லுவாக. என் பல்லுபோன வாயில அது ஏமாங்கஸுன்னு வரும். புழுவுக்கு ரெண்டும் ஒண்ணுதான், திரும்பிப் பாக்காது. கறிக்கடையில ஒருநாள் பொறுமையா நின்னு, அந்த நாலாவது வயித்தைக் கீறி வெயில்ல விரிச்சுக் காட்டச் சொல்லு. பெட்டைப்புழு ஒரு அங்குல நீளம் இருக்கும். ஆட்டு ரத்தத்தைக் குடிச்ச குடல் உள்ள செவப்பா ஓடும். அதைச் சுத்தி வெள்ளையா முட்டைப்பை முறுக்கிக்கிட்டுப் போகும். செவப்பும் வெள்ளையும் மாறி மாறி, பாக்க அழகாத்தான் இருக்கும். நம்ம ஊருல அழகா இருக்கிறவன் எவன் உருப்படியா வேலை பாத்தான், இவன் பாக்க?

ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிக்கிறது 0.05 மில்லி. இவ்வளவுதானான்னு சிரிக்காதே. ஆயிரம் புழு இருந்தா 50 மில்லி. 25 கிலோ ஆட்டுக்கு மொத்த ரத்தமே ரெண்டு லிட்டருக்குள்ளதான். தினமும் அதுல 50 மில்லி போனா, நீ ஊட்டுற கடலைப்புண்ணாக்கு யாருக்குப் போய்ச் சேருதுன்னு யோசிச்சுப் பாரு. பெறகு அந்தப் பெட்டைப்புழு ஒவ்வொண்ணும் ஒரு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல விடும். முட்டை பூரா புழுக்கை வழியாத் தரைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல ஒரு வாரத்துக்குள்ள அது பொரிஞ்சு, தோலை மாத்தி, பனித்தண்ணியில நீந்தி அருகம்புல்லு நுனிக்கு ஏறிருது. ஆடு கடிக்குது. மூணு வாரத்துல அதுவும் முட்டைவிடத் தொடங்கிருது. பழைய கீதாரிமாரு வெயில் ஏறிப் பனி காஞ்ச பெறகுதான் பட்டியைத் திறப்பாக. அவுகளுக்கு ஹீமாங்கஸும் தெரியாது, மைக்ரோஸ்கோப்பும் தெரியாது. ஆனா உன்னை மாதிரி ஆறு மணிக்கு ஈரப்புல்லுல ஆட்டை விட்டுட்டு, அதை வீடியோ எடுத்து 'இயற்கையோடு காலை வணக்கம்'னு போடத் தெரியாமப் போச்சு பாவம்.

ஆக, முட்டை வெளிய வருதுல்ல? அதை எண்ணிட்டா உள்ள எம்புட்டுப் பேரு குடியிருக்கான்னு ஒரு மதிப்புக்கு வந்துரலாம். விசயம் அவ்வளவுதான். இதுக்கு நீ சென்னைக்கும் போகவேண்டாம், ஸ்கேனும் எடுக்கவேண்டாம்.

எண்ணுறதுக்கு முன்ன, காசே இல்லாத ஒரு சோதனை இருக்கு. கண்ணைப் பாக்கிறது. உன் கண்ணை இல்லடா, ஆட்டுக் கண்ணை. மேல் இமையை மூடி, கட்டைவிரலால லேசா உள்ள அமுக்கி, மத்தக் கட்டைவிரலால கீழ் இமையை இறக்கு. உள்சதை பிதுங்கி வெளிய வரும். நல்ல வெயில் வெளிச்சத்துல, வந்த உடனே பாரு. இழுத்துப் பிடிச்சுக்கிட்டே நின்னா நிறம் மாறிப்போகும். ரெண்டு கண்ணையும் பாத்து எது வெளுத்திருக்கோ அதைக் கணக்குல வச்சுக்கோ. தென்னாப்பிரிக்காவுல மலான்னு ஒரு மாட்டு டாக்டரு இதுக்கு ஒரு அட்டையே போட்டாரு. அவரு செல்லப் பேரு, குடும்பப் பேரு எல்லாத்தையும் கோத்து அதுக்கு ஃபமாச்சான்னு பேரு வச்சிட்டாக. நல்ல செவப்பு 1, வெள்ளைக் காகிதமா வெளுத்துப்போனது 5. ஒண்ணும் ரெண்டும் இருந்தா ஆட்டை விட்டுரு, அது மேயட்டும். நாலும் அஞ்சும் மருந்து கேக்கு. மூணுதான் மருமவனே குடும்பத்தைக் கெடுக்கிறது. சினை ஆடா, பால்குட்டியா, மெலிஞ்சிருக்கான்னு பாத்து முடிவு பண்ணணும்.

அந்த அட்டையைப் போன்ல படம் புடிச்சு வச்சிக்கிட்டா போதுமான்னு கேக்க வாயத் தொறக்க, தெரியுது. போதாது. உன் போன்ல எம்மூஞ்சியே செவப்பாத் தெரியுது. அட்டை கையில இருக்கணும், நிறம் அச்சுல சரியா இருக்கணும், ஒருவாட்டி டாக்டரு கையால பழகணும். மழைக்காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒருவாட்டி பாரு. ஒரு ஆட்டுக்கு அரை நிமிசம். நீ டீக்கடையில அரசியல் பேசுற நேரத்துல மொத்தப் பட்டியையும் பாத்து முடிச்சிரலாம்.

ஆனா கண்ணு எல்லாத்தையும் சொல்லாது. ரத்தம் குடிக்கிற புழுவை மட்டுந்தான் அது காட்டிக்கொடுக்கும். கழிச்சல் குடுக்கிற புழு உள்ள இருந்துக்கிட்டு கண்ணைச் செவப்பாவே வச்சிருக்கும். தாடைக்குக் கீழ தண்ணிப்பை தொங்கிச்சுன்னா கண்ணைப் பாக்கவே வேண்டாம், அது கடைசிக்கட்டம். 1962-க்குப் போன் அடி, வண்டி வரும். இன்னொண்ணு கேட்டுக்கோ. இந்த ஏமாங்கஸுக்கு ஆடு பெரும்பாலும் கழியாது. புழுக்கை உருண்டையா, மணி மணியா, நல்லாத்தான் விழும். "கழியலையே மாமா, பூச்சி இருக்காது"ன்னு நீ தெம்பா இருப்ப. ஒருநாள் காலையில கூட்டத்துல பெரிய கிடா எந்திரிக்காது.

அதனால புழுக்கைக்கு வாரேன். மூக்கைப் பொத்தாதே. ஆடு வித்த காசை எண்ணும்போது பொத்துதியா?

தரையில கிடக்கிறதை அள்ளக்கூடாது. எது எந்த ஆடு போட்டதுன்னு தெரியாது, மண்ணுல இருக்கிற புழுவும் வந்து ஏறிக்கிடும். ஆட்டைப் புடிச்சு, விரல்ல பாலித்தீன் உறையை மாட்டி, கொஞ்சம் எண்ணெய் தடவி, ஆசனவாயிலிருந்தே எடுக்கணும். நாலஞ்சு கிராம் போதும். எடுத்த உறையை அப்படியே உள்ளும் வெளியுமாத் திருப்பிக் காத்தைப் பிதுக்கி முடிச்சுப் போட்டுரு; காத்து இருந்தா முட்டை சீக்கிரம் பொரியும். மேல ஆட்டு அடையாளத்தை எழுது. 'செவலை', 'செவலை 2', 'இன்னொரு செவலை'ன்னு எழுதாம, காதுல மாட்டியிருக்கிற நம்பரை எழுது. வெயில்ல வச்சா சாயங்காலத்துக்குள்ள முட்டையெல்லாம் குஞ்சாகிப்போகும், பெறகு எண்ண ஒண்ணும் இருக்காது. ஐஸ் கட்டி போட்ட டப்பாவுல வை. ஃபிரிட்ஜிலயும் வைக்கலாம், ஆனா ஐஸ் வைக்கிற அறையில வைக்காதே, முட்டை உடைஞ்சுரும். உம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டு வை. சொல்லாம வச்சு, அவ புளிக்கொழம்புக்குப் பக்கத்துல அதைப் பாத்தான்னா, அடுத்த சோதனை உனக்குத்தான்.

எல்லா ஆட்டுக்கும் எடுக்கணுமான்னு கணக்குப் போடுத. வேண்டாம். ஒரே வயசு, ஒரே மேய்ச்சலா பத்து ஆட்டைப் புடிச்சு, ஒவ்வொண்ணுலயும் சம அளவு எடுத்து, நல்லாக் கலந்து ஒரே சோதனையாப் பாத்தா மந்தையோட சராசரி தெரிஞ்சுபோகும். பத்துச் செலவு ஒரு செலவாகும். ஆனா சராசரிங்கிறது பொல்லாத சரக்கு. பத்துல எட்டு ஆட்டுக்கு ஒண்ணுமே இருக்காது, ரெண்டே ரெண்டு ஆடு முட்டையைக் கொட்டிக்கிட்டு இருக்கும். ஒரு மந்தையில விழுற முட்டையில முக்கால்வாசிக்கு மேல போடுறது அஞ்சுல ஒரு ஆடுதான்னு படிச்சவுக சொல்லுதாக. ஊருல கடன் வாங்குறவன் கணக்கும் அப்படித்தான், நாலு வீடுதான் திரும்பத் திரும்ப வரும். அதனால கலவையில எண்ணிக்கை ஏறி நின்னா, பெறகு தனித்தனியாப் பாரு. இறங்கி நின்னா காசை மடியில முடிஞ்சுக்கோ.

எங்க கொண்டுபோகன்னு கேக்க. கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோ. பல மாவட்டத்துல கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுன்னு ஒண்ணு வச்சிருக்காக. பேரைக் கேட்டுப் பயந்துராதே, போலீசு இல்லை. நம்ம பக்கத்துக்குன்னா திருநெல்வேலி ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு. அங்க போய்க் கேக்க வேண்டியதை வாய்தொறந்து கேளு. சில இடத்துல சீட்டுல ஒரு கூட்டல் குறி, ரெண்டு கூட்டல் குறின்னு போட்டுக் குடுத்துருவாக. அதை வச்சிக்கிட்டு நீ கோலந்தான் போடலாம். "ஒரு கிராமுக்கு எத்தனை முட்டைன்னு எண்ணிச் சொல்லுங்கம்மா"ன்னு பணிவாக் கேளு. கேட்டாத்தான் எண்ணுவாக, நீ கேக்காட்டி அவுகளுக்கு வேற வேலை இல்லையா?

இன்னும் காசு மிச்சம் புடிக்கணுமா? பக்கத்துப் பட்டிக்காரன் மூணு பேரைச் சேத்துக்கோ. பள்ளிக்கூடப் பிள்ளைக பாக்குற சாதா மைக்ரோஸ்கோப் ஒண்ணு, நூறு மடங்கு பெருசாக் காட்டினாப் போதும்; நல்ல கிடா ஒண்ணு வித்த காசுக்குள்ள முடிஞ்சிரும். அதோட மெக்மாஸ்டர் சில்லு ஒண்ணு. கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லு அது, ரெண்டு அறை இருக்கும், ஒவ்வொண்ணும் 0.15 மில்லி புடிக்கும். ஆஸ்திரேலியாவுல சிட்னின்னு ஒரு ஊரு. உனக்குக் கிரிக்கெட்டுக்கு மட்டுந்தான் தெரியும். அங்க மெக்மாஸ்டர்னு ஆடு வளத்துப் பெரிய ஆளான ஒருத்தரு குடுத்த பணத்துல ஒரு ஆய்வுக்கூடம் கட்டுனாக. அங்க இருந்த கோர்டன், விட்லாக்னு ரெண்டு பேரு 1939-ல இந்த எண்ணுற முறையை எழுதி வெளியிட்டாக. அவரு ஆட்டுல சம்பாதிச்சு ஆட்டுக்கே சோதனைக்கூடம் கட்டிக் குடுத்தாரு. நீ ஆட்டுல சம்பாதிச்சு புல்லட்டு வாங்குன. அதுவும் ஆட்டை விரட்டத்தான்னு வீட்டுல சொல்லி வச்சிருக்க.

செய்முறை கேட்டுக்கோ. ஒரு லிட்டர் தண்ணியில சமையல் உப்பை 400 கிராம் வரைக்கும் போட்டுக் கலக்கு. கலக்கக் கலக்கக் கரையாம அடியில கொஞ்சம் தங்கணும், அதுதான் பதம். உப்புத்தண்ணி கனமா இருக்கிறதால முட்டை மேல மிதந்து வரும், குப்பை கீழ போகும். நம்ம தூத்துக்குடி ஜில்லாவுல உப்புக்கு என்ன பஞ்சம்? புழுக்கை 2 கிராம் நிறுத்து எடு. சின்ன எலக்ட்ரானிக் தராசு நாலு பேருக்கு ஒண்ணு போதும். அதை 28 மில்லி உப்புத்தண்ணியில போட்டு நல்லா மசிச்சு, டீ வடிகட்டியில வடிகட்டு. வடிகட்டி புதுசா வாங்கு. அடுப்படியிலிருந்து தூக்கிட்டு வந்து, பெறகு கழுவி அங்கேயே திருப்பி வைக்கிற புத்தி உனக்கு உண்டுன்னு எனக்குத் தெரியும். வடிச்ச தண்ணியைக் கலக்கின கையோட சொட்டுக்குழாயில உறிஞ்சி, சில்லோட ரெண்டு அறையையும் நிரப்பு. அஞ்சு நிமிசம் அசையாம வை. முட்டை மேல வந்து கண்ணாடியில ஒட்டும். கட்டத்துக்குள்ள இருக்கிறதை மட்டும் எண்ணு, கோட்டுக்கு வெளிய கிடக்கிறது உன் சொத்து இல்லை.

முதநாள் பாக்கிறவன் காத்துக்குமிழியை எண்ணிப்புட்டு, பட்டியே அழிஞ்சுதுன்னு ஒப்பாரி வைப்பான். குமிழி கணக்கா வட்டமா, ஓரம் கருப்பாத் தடிச்சு நிக்கும். புழு முட்டை கொஞ்சம் நீள்வட்டம், மெல்லிசு ஓடு, உள்ள பழுப்பு நிறத்துல சின்னச் சின்ன அணுக்கள் ஒண்ணோடொண்ணு நெருங்கி உக்காந்திருக்கும். ரெண்டு, மூணு சில்லு பாத்தாக் கண்ணு பழகிரும். ஒரு அறையில 7, மத்த அறையில 9 எண்ணினன்னு வையி. கூட்டினா 16. அதை 50-ஆல பெருக்கு. கிராமுக்கு 800 முட்டை. இது ஒரு பெருக்கல் கணக்குதானே, இதுக்கு எஞ்சினியரிங் காலேசுல கட்டுன பீசு வீண்போகாது.

800-னா நல்லதா கெட்டதாங்க? இங்கதான் அவசரக்குடுக்கைகளுக்கு வேலை இல்லை. 500-க்குக் கீழ இருந்து ஆடு தெம்பாவும் இருந்தா, சும்மா இரு. 2,000-த்தைத் தாண்டிச்சுன்னா மருந்துக்குப் போ. நடுவுல இருக்கிறதுக்குக் கண்ணு நிறத்தைப் பாரு, முதுகெலும்பைத் தடவிப் பாரு, டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேளு. எண்ணிக்கை ஒரு சாட்சிதான், தீர்ப்பு இல்லை. குஞ்சுப்புழு முட்டைவிடத் தொடங்குறதுக்கு முன்னாலயே ரத்தம் குடிக்கும். அப்ப எண்ணினா சைபரு வரும், ஆடு வெளுத்து நிக்கும். கண்மாய்க்கரை நத்தை மூலமா வாற தட்டைப்புழு முட்டைக உப்புத்தண்ணியில மிதக்காது, அடியில தங்கிரும். அதுக்குச் சாதாத் தண்ணியில கலக்கி, படியவச்சு, வண்டலைப் பாக்கணும். வத்துற கண்மாய்க்குள்ள மேயவிட்டு, பெறகு ஆடு நாத்தம் புடிச்ச தண்ணியாக் கழிஞ்சதுன்னா, நீ எண்ணிக்கிட்டு உக்காந்திருக்காம டாக்டரைக் கூப்பிடு.

புழுக்கையோட வெள்ளையாத் தட்டைத் துண்டு வந்து விழுந்துச்சுன்னா மட்டும் ஊரைக் கூட்டுதியே, அது நாடாப்புழு. பாக்கத்தான் பயங்கரம், பெரிய ஆட்டை அது பெருசா ஒண்ணும் பண்ணாது. கண்ணுக்குத் தெரிஞ்சவனுக்கு மருந்து ஊத்துத. கண்ணுக்குத் தெரியாதவன் நாலாவது அறையில காலை நீட்டிப் படுத்துக் கெடக்கான்.

இனிமேதான் ருசியான சங்கதி. நீ ஊத்துற மருந்து கேக்குதான்னு என்னைக்காவது பாத்தியா? ஊத்துன பெறகு ஆடு கத்தாம நின்னா, கேட்டுருச்சுன்னு அர்த்தமாக்கும். மருந்து ஊத்துறதுக்கு முன்ன பத்துப் பதினஞ்சு ஆட்டுல எண்ணு. ஊத்தி 14 நாள் கழிச்சு அதே ஆடுகள்ல எண்ணு. முன்ன சராசரி 1,200 இருந்து, பெறகு 60-க்கு மேல நின்னுச்சுன்னா சந்தேகப்படணும். நூத்துக்கு 95 பங்கு குறையலைன்னா, அந்த மருந்துக்குப் புழு பழகிப்போச்சு. பாதிதான் குறைஞ்சதுன்னு வந்தா, நீ மருந்து குடுக்கல, விருந்து குடுத்திருக்க.

உடனே நீ என்ன பண்ணுவன்னு எனக்குத் தெரியும். கடைக்கு ஓடி, "வேற மருந்து குடுங்க"ம்ப. அவரு பச்சை டப்பாவுக்குப் பதிலா நீல டப்பா குடுப்பாரு. பேரு வேற, படம் வேற, விலையும் கூட. திருப்பிப் பின்னால பொடி எழுத்தைப் படி. அல்பெண்டசோலும் பென்பெண்டசோலும் ஒரே வீட்டுப் பங்காளிக. ஒருத்தனுக்குப் பழகுன புழு மத்தவனையும் மதிக்காது. ஐவர்மெக்டின் வேற குடும்பம், லெவாமிசோல் வேற குடும்பம், குளோசான்டெல் இன்னொரு குடும்பம். மாத்தணும்னா குடும்பத்தை மாத்து, டப்பா நிறத்தை இல்லை. எதுக்கு மாத்துறதுன்னு டாக்டரு சொல்லட்டும். சினைபிடிச்ச முதல் மாசத்துல அல்பெண்டசோல் ஊத்தக்கூடாது, குட்டி ஊனமாப் போகும். டப்பாவுல போட்டிருப்பாக, நீதான் படம் மட்டும் பாக்குற ஆளாச்சே. ஊத்துன கையோட ஆட்டைக் கறிக்கு விக்கிறதும் கூடாது; எத்தனை நாள் பொறுக்கணும்கிறதும் அங்கேயே எழுதியிருக்கும்.

புழு ஏன் பழகிச்சு? நீதான் பழக்குன. எல்லா ஆட்டையும் கண்ணால பாத்து, 'இது இருவது கிலோ இருக்கும்'னு ஒரே அளவு ஊத்துத. அந்தக் கிழட்டு மறி முப்பது கிலோ. அதுக்கு மருந்து பத்தல. அரைகுறை மருந்துல தப்பிச்ச புழு அடுத்த தலைமுறையைப் பெத்துப்போடுது. தொங்கு தராசுல சாக்கைக் கட்டி ஆட்டை நிறுத்துப் பாரு. பிரிக்க வழியில்லைன்னா கூட்டத்துல கனமான ஆட்டு எடையை வச்சு அளவு போடு. வித்தா மட்டும் கிராம் கிராமா நிறுக்க, வைத்தியத்துக்குத்தான் கண் அளவு.

இன்னொரு தப்பு, ஒண்ணுவிடாம எல்லா ஆட்டுக்கும் ஊத்துறது. சித்திரை வெயில்ல தரையில கிடக்கிற குஞ்சுப்புழு காஞ்சு செத்துப்போகும். அந்தக் காலம் பாத்து மந்தை மொத்தத்துக்கும் மருந்து குடுத்தன்னா, ஆட்டுக்குள்ள மிஞ்சுறது மருந்துக்கு மசியாத போக்கிரிப் புழு மட்டும். மழை விழுந்ததும் ஊர் பூரா அவன் வம்சம்தான் ஏறும். தெம்பா இருக்கிற ஆடு கொஞ்சத்துக்கு மருந்து ஊத்தாம விட்டுவை. மருந்துக்குப் பயப்படுற நல்ல புழுவும் நாலு ஊருல இருந்தாத்தான், போக்கிரி வம்சத்தோட கலந்து அதோட வீரியம் குறையும். புழுவுல கூட பயந்தாங்கொள்ளி வேணும்கிறதை நான் சொன்னா சிரிக்க. டாக்டரம்மாவும் அதையேதான் சொல்லுதாக, அவுக சொன்னா மட்டும் தலையாட்டுத.

யாரை முதல்ல புடிச்சுப் பாக்கணும் தெரியுமா? குட்டிபோட்டுப் பால் குடுக்கிற மறிகளை. குட்டி போடுற நேரத்துல உடம்பு தளரும்போது புழு முட்டையை அள்ளி வீசும். பால்குட்டி புல்லு கடிக்கப் பழகுறதும் அதே நேரம்தான். பெறகு பால்மறந்த குட்டிக. கடைசியா, சந்தைச் சரக்கு. சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குப் போய், வேம்பூர் பொட்டாடு பொட்டு அழகா இருக்குன்னு ரெண்டைப் புடிச்சு, ஆட்டோவுல ஏத்தி, நேராக் கொண்டுவந்து பட்டிக்குள்ள விட்ட பாரு, அதுல வந்திருக்கு உனக்கு ஓசியில ஒரு லட்சம் புழு. எந்த ஊரு மருந்துக்கு எப்படிப் பழகுன புழுவோ! வாங்கினா முதல்ல தனியாக் கட்டு. புழுக்கையைப் பாரு. டாக்டரு சொல்லுற மருந்தைக் குடு, பெறகும் எண்ணிப் பாரு. சுத்தம்னு தெரிஞ்ச பெறகு சேரட்டும். பொண்ணு பாக்கப் போனப்ப நீ ஊர் பூரா விசாரிச்ச. ஆட்டுக்கு விசாரணை வேண்டாமாக்கும்?

இதுக்கெல்லாம் போன்ல ஆப் இருக்கான்னு கேக்கப் போற. இருக்கும், நாளைக்கு இன்னும் நல்லதா வரும். ஆனா ஆட்டுப் பின்னால விரலை வைக்கிற ஆப் இன்னும் வரல. அந்த உத்தியோகம் உனக்குத்தான்.

ஒரு நோட்டுப் போடு. ஆட்டு நம்பரு, தேதி, கண்ணு நிறம், முட்டை எண்ணிக்கை, குடுத்த மருந்து. ரெண்டு மழைக்காலம் எழுதிட்டன்னா எந்த மறி திரும்பத் திரும்ப மருந்து கேக்குன்னு தெரிஞ்சுபோகும். அதை வித்துரு, அது குட்டியை இனத்துக்கு வைக்காதே. மருந்தே கேக்காம நிக்கிற மறி இருக்கும்ல, அது வயித்துக் கிடாக்குட்டியைத் தீவாளிக்கு விக்காம வச்சிக்கோ. நோட்டுல பால்காரன் கணக்கையும் சேத்து எழுதாதே, பெறகு கிராமுக்கு நாப்பத்தி ரெண்டு ரூபாய்னு எங்கிட்டயே வந்து நிப்ப.

சரி, நாளைக்குக் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில டாக்டரம்மா இருப்பாக. இன்னைக்குச் சாயங்காலமே எடுத்து வச்சிராதே. நாளைக்கு வெள்ளன, பட்டியைத் திறக்கிறதுக்கு முன்ன எடு. மருந்து ஊத்திட்டேனேங்க? ஊத்துன ஆட்டோட புழுக்கையை இப்ப எடுத்தா அது ஒண்ணும் சொல்லாது. ஊத்தாம விட்டுப்போன பத்தை எடு. உன்கிட்ட எப்படியும் பத்து தப்பிச்சிருக்கும், அந்தக் காது கிழிஞ்ச மறி உன்னைக் கண்டாலே வேலி தாண்டுதே. மருந்து குடிச்சதுக்கு 14-ஆம் நாள் பாத்துக்கலாம். பஸ்ஸுல போகும்போது ஜன்னலோரம் உக்காராதே, டப்பாவுல வெயில் படும். பையில என்னன்னு கண்டக்டர் கேட்டா மறைக்காமச் சொல்லு. லக்கேஜ் போடமாட்டாரு, கோவில்பட்டி வரைக்கும் பக்கத்து சீட்டும் உனக்கே காலியாக் கிடைக்கும்.